நீர்க்கரைக் களைகள்: வந்த விதமும் அடக்கும் வழியும்

கோல சிலாங்கூரிலிருந்து வடக்கு நோக்கித் தஞ்சோங் காராங், சுங்கை புரோங், செகிஞ்சான் வழியாகச் செல்லும் சாலையின் இருமருங்கும் நிலம் பாய் விரித்தாற்போல் தட்டையாகக் கிடக்கிறது. மேற்கே கடல். கிழக்கே, இலைதழைகள் பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கிச் சேர்ந்த 'காம்புட்' மண்ணின் மீது நிற்கும் சதுப்புக் காடு. இவ்விரண்டிற்கும் இடையிலேதான் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் செம்பனைத் தோட்டங்களும், அவற்றின் நடுவே இன்னும் எஞ்சி நிற்கும் பால்மரக் காடுகளும் அமைந்துள்ளன.

சுங்கை புரோங், வடமேற்குச் சிலாங்கூர் நெற்பாசனத் திட்டத்தின் எட்டு வட்டாரங்களுள் ஒன்று. பெர்னாம் ஆற்று நீர் தெங்கி ஆற்றின் வழியாகப் பெருங்கால்வாயை அடைந்து, ஏறத்தாழ 20,000 ஹெக்டர் வயல்களுக்குப் பாய்கிறது. பாய்ந்த நீரும் பெய்த மழையும் வடிகால்கள் வழியே கடலைச் சேர வேண்டும். அவ்வாறு சேருமிடத்தில் மடைக்கதவுகள் உள்ளன. கடல் பெருகும்போது கதவு மூடப்படும், வற்றும்போது திறக்கப்படும். நாள்தோறும் இருமுறை கடல் பெருகி வற்றுகிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் நீர் வடிவதற்குக் கிடைக்கும் காலம் சில மணி நேரமே. அச்சில மணி நேரத்திற்குள் வடிய வேண்டிய நீரைக் களைகள் தடுத்து நிறுத்திவிட்டால், அடுத்த பெருக்கிற்குக் கதவு மூடிக்கொள்ளும். தேங்கிய நீர் பின்னோக்கி ஏறிப் பால்மர நிரைகளுக்குள்ளும், லயத்து வாசலுக்கும் வந்து நிற்கும். பாரிட்டில் படர்ந்திருக்கும் ஒரு செடிக் கூட்டத்திற்கும் நம் வீட்டுத் திண்ணைக்கும் உள்ள தொடர்பு இதுதான்.

வெள்ளம் வடிந்த பின்னும் தொல்லை தீர்வதில்லை. 'மான்சோனியா' என்னும் ஒருவகைக் கொசுவின் புழுக்கள், மற்றக் கொசுப் புழுக்களைப் போல் நீரின் மேற்பரப்புக்கு வந்து மூச்சு விடுவதில்லை. மிதக்கும் செடிகளின் வேரைத் துளைத்து, அவ்வேரினுள் இருக்கும் காற்றை உறிஞ்சி வாழ்கின்றன. யானைக்கால் நோயின் கிருமியைப் பரப்பும் கொசு இனங்களுள் இதுவும் ஒன்று. மிதக்கும் செடி இல்லையேல் இக்கொசுவுக்குப் பிழைப்பில்லை.

எங்கிருந்து வந்தன?

நம் வட்டாரத்து நீர்நிலைகளில் தொல்லை தரும் செடிகளுள் முக்கியமானவை நான்கு. முதலாவது ஆகாயத்தாமரை. மலாய்க்காரர்கள் இதனைக் 'கெலாடி புந்திங்' என்பர். தமிழ்நாட்டில் வெங்காயத்தாமரை என்ற பெயரும் உண்டு. இரண்டாவது 'கியாம்பாங்' எனப்படும் மிதவைச் செடி. மூன்றாவது 'மிக்கானியா' என்னும் படர்கொடி. வெட்டிய மரக்கட்டைகளைக் கூட மூடிவிடுவதால் மலாய் மொழியில் 'செலாபுட் துங்குல்' என்று பெயர் பெற்றது. நான்காவது, ஆளுயரத்திற்கும் மேல் வளரும் பெருந்தொட்டாற்சுருங்கி. 'செமாலு கெர்காசி' என்பது இதன் மலாய்ப் பெயர்.

இந்நான்கும் வெப்ப அமெரிக்க நாடுகளைத் தாயகமாகக் கொண்டவை. நமக்குச் சோறிடும் ரப்பர் மரமும் அங்கிருந்து வந்ததே. 1876-ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து விதைகள் கொண்டு செல்லப்பட்டு, 1877-ல் 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன; அவற்றுள் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. எனவே அயல்நாட்டிலிருந்து வந்தது என்ற ஒன்றினாலேயே ஒரு செடியைப் பகையாக எண்ணுவது சரியன்று. நட்ட இடத்தில் நின்று பயன் தருவது வேறு. நடாத இடமெல்லாம் ஓடிப் பரவி அங்குள்ளவற்றை நெருக்கிக் கொல்வது வேறு.

அவ்வாறு ஓடிப் பரவும் வல்லமை எங்கிருந்து வந்தது? இதற்கு விடை காண ரப்பர் மரத்தையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பெரும் மோட்டார் நிறுவனம் நடத்திய ஹென்றி போர்டு என்பார் 1928-ல் அமேசான் காட்டில் பெரும் ரப்பர்த் தோட்டம் ஒன்றைத் தொடங்கினார். ரப்பரின் தாயகத்திலேயே ரப்பர் செழிக்கும் என்பது அவர் கணக்கு. ஆனால் அத்தாயகத்தில் ரப்பரின் பகையும் குடியிருந்தது. தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் நெருக்கமாக நட்ட மரங்களின் இலைகளை மீண்டும் மீண்டும் உதிர்த்தது. 1945-ல் அத்தோட்டத்தைப் பிரேசில் அரசாங்கத்திடம் விட்டுவிட்டு அவர் நிறுவனம் வெளியேறியது. நம் நாட்டில் ரப்பர் செழித்ததற்கு ஒரு பெருங்காரணம், அந்நோய் மரத்தோடு கப்பலேறி வரவில்லை என்பதாகும்.

ஆகாயத்தாமரைக்கும் இதே கதைதான். தாயகத்தில் அதனைத் தின்னும் வண்டும் புழுவும் நோயும் அதனை அளவோடு வைத்திருக்கின்றன. 1894-ல் ஜாவாவிலுள்ள போகோர் பூங்காவிற்கு அழகுச் செடியாகக் கொண்டு வரப்பட்டபோது அப்பகைவர்கள் உடன் வரவில்லை. ரப்பருக்கு நன்மையாய் முடிந்த அதே காரணம், களைக்கும் நன்மையாய் முடிந்தது. பகையற்ற இடத்தில் ஒரு செடி இரண்டாவதற்கு இரண்டு வாரமே போதும்.

கியாம்பாங் அதனினும் விரைவானது. பாப்புவா நியூ கினியில் செப்பிக் என்னும் பேராற்றில் 1970-களின் தொடக்கத்தில் யாரோ விட்ட சில செடிகள், பத்தாண்டுக்குள் ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பை மூடின. தோணியிலேயே சந்தைக்கும் மருத்துவமனைக்கும் சென்று வந்த மக்கள், தோணியை நகர்த்த இயலாமல் கிராமங்களை விட்டே வெளியேறினர். பின்னர் அதன் தாயகத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கூன்வண்டைக் கொண்டு வந்து விட்டதும், 1980-களின் நடுப்பகுதிக்குள் அச்செடி பெரும்பாலும் ஒழிந்தது. இலங்கையிலும் 1939-ல் நுழைந்த இச்செடியை அடக்க 1986-ல் அதே வண்டு விடப்பட்டது. விட்டுவந்த பகையைத் தேடிப்பிடித்து அழைத்து வருவதே இவ்வழியின் தத்துவம். ஆயினும் இது அறிஞர்களும் அரசாங்கமும் பல்லாண்டு சோதித்துச் செய்ய வேண்டிய காரியம்; நாமாகச் செய்யத் தக்கதன்று.

"படகு கடந்ததும் கியாம்பாங் மீண்டும் கூடும்" என்பது மலாய்ப் பழமொழி. உறவினரிடையே சண்டை வந்தாலும் பின்பு ஒன்று சேர்வர் என்னும் நல்ல பொருளில் அதனை வழங்குகின்றனர். பாரிட் வாருகிறவர்களுக்கோ அது வேறு பொருளைத் தரும்.

தோட்டமே வளர்த்த பகை

மற்ற இரு செடிகளின் வரலாறு நமக்கு இன்னும் நெருங்கியது. ஏனெனில் அவற்றைத் தென்கிழக்காசியாவில் பரப்பியதில் தோட்டங்களுக்கே பங்குண்டு.

புதுக்காட்டில் இளங்கன்றுகளை நட்டபின், லாலான் தலையெடுக்காதிருக்கவும் மண் கரையாதிருக்கவும் மூடுபயிர் போடுவதை நம்மவர் அறிவர். புவராரியா, கலப்பகோனியம், செந்திரோசீமா ஆகிய அவரையினக் கொடிகள் இதற்கு ஏற்றவை. ஒரு காலத்தில் மிக்கானியாவையும் மூடுபயிராகப் பயன்படுத்தினர். விரைவாகப் படர்கிறது, நிழலையும் ஓரளவு தாங்குகிறது என்பன அதற்குக் கூறப்பட்ட சிறப்புகள். 1960-களில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நடத்திய சோதனைகள் வேறு முடிவைக் காட்டின. மிக்கானியா படர்ந்த நிலத்து இளமரங்கள், அவரையினக் கொடி படர்ந்த நிலத்து மரங்களைவிடப் பின்தங்கி வளர்ந்தன. மண்ணிலுள்ள தழைச்சத்து மரத்திற்குப் பயன்படும் வகையில் மாறுவதை அக்கொடியிலிருந்து கசியும் பொருள்கள் தடுக்கின்றன எனவும் கண்டறியப்பட்டது. அதற்குள் அது வேலி தாண்டிவிட்டது. இன்று அதனை யாரும் நடுவதில்லை, நடத் தேவையுமில்லை.

பெருந்தொட்டாற்சுருங்கியும் அவ்வாறே. 1947-ல் தாய்லாந்தில் புகையிலைத் தோட்டங்களுக்குத் தழையுரமாகவும் மூடுபயிராகவும் அது கொண்டு வரப்பட்டது. அங்கிருந்து ஆறுகள் வழியே இறங்கிற்று. நம் நாட்டில் 1980-ல் கண்டறியப்பட்டது. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரப் பூங்காவில் 19-ஆம் நூற்றாண்டிலேயே வளர்ந்த இச்செடி, பின்னாளில் அப்பகுதியின் சதுப்பு வெளிகளில் ஏறத்தாழ 800 சதுர கிலோமீட்டரை முட்காடாக்கிற்று. மாடும் நுழையாது, பறவையும் இறங்காது. தமிழ்நாட்டில் விறகுக்கும் வேலிக்கும் பரப்பப்பட்ட சீமைக்கருவேலம் கண்மாய்களையும் ஆற்றுப் படுகைகளையும் பிடித்துக்கொண்டதை, ஊருக்குச் சென்று வந்தவர்கள் நேரில் கண்டிருப்பார்கள்.

மருந்து ஏன் உதவாது?

களை என்றதும் மருந்தடிப்பதே தோட்டத்து வழக்கமாகிவிட்டது. முதுகில் பம்பைச் சுமந்து நிரை நிரையாகச் செல்லும் அவ்வேலை, பெரும்பாலும் நம் தாய்மார்களின் தலையிலேயே விழுந்து வந்திருக்கிறது. கைகால் புண், நகம் கழன்று விழுதல், மூக்கில் இரத்தம், கண்ணெரிச்சல் என அவர்கள் பட்ட துன்பம் சிறிதன்று. பல்லாண்டு பயன்பட்ட 'பாராகுவாட்' என்னும் களைக்கொல்லிக்கு முறிமருந்தே இல்லை. 2002-ல் நம் நாடு அதனைத் தடை செய்ய முடிவெடுத்தது. 2006-ல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. இறுதியாக 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து முற்றிலும் தடை செய்யப்பட்டது. வீட்டின் மூலையிலோ கொட்டகையிலோ பழைய போத்தல் கிடக்குமானால் அதனைத் தொட்டுப் பயன்படுத்துதல் ஆகாது. பாரிட்டில் ஊற்றிவிடுதலும் ஆகாது. தோட்ட நிர்வாகத்திடமோ விவசாய இலாகாவிடமோ தெரிவிப்பதே தக்கது.

காட்டு நடுவே மருந்துக்கு ஓரளவு இடமுண்டு என்றே வைத்துக்கொள்வோம். நீர்க்கரையில் அதே முறை மூன்று வகையில் தவறாகிறது.

முதலாவது, நீர்மேல் மிதக்கும் செடிகளை மருந்தால் கொன்றால் அவை அடியில் அமிழ்ந்து அழுகும். அழுகும்போது நீரிலுள்ள உயிர்வாயு செலவாகி, மீன்கள் வாய்பிளந்து மிதக்கும். பாரிட்டோ தூர்ந்தது தூர்ந்தபடியே இருக்கும். இரண்டாவது, கரை மொட்டையாகிவிடும். வேர்ப்பிடிப்பு அற்ற மண் மழையில் சரிந்து விழும். வெயில் பட்ட ஈர மண்ணில் புதைந்து கிடந்த பெருந்தொட்டாற்சுருங்கி விதைகள் ஒருசேர முளைக்கும். வெற்றிடத்தை லாலான் பிடிப்பதற்குள் மூடுபயிர் போட வேண்டும் என்பது நமக்குத் தெரிந்த பாடமன்றோ? கரைக்கும் அதே பாடந்தான் பொருந்தும். மூன்றாவது, மருந்து அடித்த இடத்தில் நிற்பதில்லை. அதே நீரில் சற்றுத் தள்ளி ஒருவர் கை கழுவுவார், மற்றொருவர் தூண்டில் போடுவார்.

மூன்றாவதற்கு மற்றொரு சான்று சிலாங்கூர் ஆற்றங்கரையில் உள்ளது. பத்தாங் பெர்ஜுந்தாய் என்று முன்பு வழங்கி, 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப்படும் ஊரைக் கடந்து அவ்வாறு கடலை நோக்கி வருகிறது. அதன் கீழ்ப்பகுதியில், கம்போங் குவாந்தான் முதலிய இடங்களில், 'பெரெம்பாங்' மரங்களில் மின்மினிகள் ஆயிரக்கணக்கில் ஒருசேர மின்னுகின்றன. வினாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை ஒரே தாளத்தில் மின்னும் இக்காட்சியைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். மின்மினி மரத்தில் தெரிந்தாலும் அதன் இளமைக் காலம் மரத்தில் கழிவதில்லை. கரையின் ஈர மண்ணில் முட்டையிட்டு, அங்கேயே புழுவாகி, இலைச்சருகிடையே வாழும் சிறு நத்தைகளைத் தின்று, மண்ணிலேயே கூட்டுப்புழுவாகிப் பின்னரே அது மரத்திற்கு ஏறுகிறது. ஆகையால் மரத்தை வெட்டாமல் விட்டுக் கரையை மட்டும் துப்புரவாக்கி மருந்தடித்தாலும் மின்மினி ஒழிந்துபோகும். இதனைக் கருதியே 2009-ல் சிலாங்கூர் மாநிலத்தில் ஆற்றோரம் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது.

பொதுவாகவே ஆற்றோரத்தில் ஒதுக்குநிலம் விடுவதற்கு நீர்ப்பாசன வடிகால் இலாகா அளவு வகுத்துள்ளது. ஆறு 40 மீட்டருக்கு மேல் அகலமாயின் இருகரையிலும் 50 மீட்டர். 5 மீட்டருக்குக் குறைந்த ஓடையாயினும் 5 மீட்டர். இந்த ஒதுக்குநிலத்தில் பம்போடு நுழைய வேண்டும் என்று யாரேனும் பணித்தால், மருந்துப் போத்தலின் மேலுள்ள வாசகத்தைக் காட்டி விளக்கம் கேட்பதில் தவறில்லை. நீரருகே அடிக்கலாகாது என்று அதில் அச்சிட்டிருந்தால், அதனை மீறுவது 1974-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்திற்கு மாறானது.

கையால் செய்யும் வேலை

இனி, செய்யத் தக்கவற்றைக் கூறுவோம். மிதக்கும் செடிகளுக்கு மேல்மடையிலிருந்து தொடங்க வேண்டும். கீழ்மடையைச் சுத்தம் செய்துவிட்டு மேலே விட்டு வைத்தால் மறுவாரமே எல்லாம் இறங்கி வந்துவிடும். பாரிட்டின் குறுக்கே மூங்கிலை மிதக்கவிட்டுக் கயிற்றால் இருபுறமும் கட்டினால் செடிகள் ஓரிடத்தில் சேரும். நீண்ட கைப்பிடியுள்ள வாரியால் கரைக்கு இழுத்து, மழைநீர் மீண்டும் அடித்துச் செல்லாத மேட்டில் குவிக்க வேண்டும். ஆகாயத்தாமரையின் எடையில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் நீரே. இரண்டு வார வெயிலில் பெருங்குவியல் சிறு கூளமாகிவிடும். மாட்டுச் சாணத்துடன் கலந்து மக்க வைத்தால் வீட்டுத் தோட்டத்திற்கு நல்ல எரு. முன்னாளில் சீனக் குடியானவர்கள் இதனை வேகவைத்துப் பன்றிக்கு ஊட்டினர். ஊதாப் பூ விட்டு விதை பிடித்த செடிகளை மட்டும் எருவில் சேர்த்தல் ஆகாது. அவ்விதை பதினைந்து ஆண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும்.

கியாம்பாங்கில் நமக்குச் சாதகமான செய்தி ஒன்றுண்டு. தொல்லை தரும் பெரிய கியாம்பாங் மலடு. அதற்கு விதையே இல்லை. உடைந்த துண்டிலிருந்து மட்டுமே பெருகும். எனவே ஒரு சிறு குட்டையை முழுமையாக வாரி, இரு வாரத்திற்கு ஒருமுறை எஞ்சியதைப் பொறுக்கி வந்தால், அங்கு அது அடியோடு தீர்ந்துவிடும். ஆனால் 'கொஞ்சம் இருக்கட்டும்' என்று விட்டால் வாரியதெல்லாம் வீண். மீன்தொட்டியிலும் பூச்சட்டியிலும் வளர்த்த நீர்ச்செடிகளைப் பாரிட்டில் கொட்டும் வழக்கத்தைப் பிள்ளைகளும் பெரியவர்களும் விட்டொழிக்க வேண்டும்.

மிக்கானியாவைப் பாராங்கினால் கண்டபடி வெட்டுவது அதனை நடுவதற்கு ஒப்பானது. ஒவ்வொரு கணுவும் ஈர மண்ணைத் தொட்டால் வேர்விடும். கரையில் வேர் இருக்கும் இடத்தைக் கண்டு, மழை பெய்து மண் இளகிய மறுநாள் பிடுங்கிச் சுருட்டி, தரையில் படாதபடி கிளையிலோ கம்பியிலோ தொங்கவிட்டுக் காய வைப்பது நலம். மரத்தின் மேல் ஏறிவிட்ட கொடியை இழுத்து மரக்கிளையை முறிக்க வேண்டியதில்லை. அடியில் இடுப்பளவு இடைவெளி விட்டு அறுத்து வேரைப் பிடுங்கினால் மேலே உள்ளது தானே காய்ந்துவிடும். வெள்ளைப் பூக் கொத்து தெரிவதற்கு முன் இதனைச் செய்தாக வேண்டும். பூத்தபின் பஞ்சுபோன்ற விதைகள் காற்றில் பறந்துவிடும்.

பெருந்தொட்டாற்சுருங்கியை இனங்காண்பதே முதல் வேலை. தரையில் படரும் சிறிய தொட்டாற்சுருங்கியை நாம் நாள்தோறும் மிதிக்கிறோம். அதன் இலையும் இளஞ்சிவப்பு உருண்டைப் பூவுமே இதற்கும் உள. ஆனால் இது புதராக நிமிர்ந்து மூன்று மீட்டருக்கும் மேல் வளரும். தண்டு மரம்போல் தடிக்கும். காய்கள் சுணை நிறைந்து துண்டு துண்டாக உடையும். அத்துண்டுகள் நீரில் மிதக்கும். மாட்டு மயிரிலும் காற்சட்டையிலும் ஒட்டும். ஆற்று மணல் ஏற்றும் லாரியிலும் பயணம் செய்யும். முழங்காலளவு இருக்கும்போது கையுறையோடு பிடுங்கினால் வேரோடு வரும். பெரியதைச் சங்குல் கொண்டு அகழ்ந்தெடுக்க வேண்டும். வெட்டி விட்டால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். காய்த்த செடியாயின் காய்களை முதலில் பைக்குள் அறுத்துக்கொள்வது நல்லது.

நீரில் இறங்குவோர் காலணியும் கையுறையும் இன்றி இறங்கலாகாது. எலியின் சிறுநீர் கலந்த நீர் புண்ணில் பட்டால் கொடிய காய்ச்சல் வரும். பாரிட்டில் வேலை செய்தபின் காய்ச்சல் கண்டால், எங்கு வேலை செய்தோம் என்பதை மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டும்.

பிடுங்கிக் காய்ந்ததைத் தீயிடும் எண்ணமும் வேண்டா. திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, காம்புட் மண்ணில் தீ மண்ணுக்குள்ளேயே இறங்கி வாரக் கணக்கில் புகையும். ராஜா மூசா சதுப்புக் காட்டில் அவ்வாறு எரிந்து புல்வெளியான பகுதிகளில், கால்வாய்களை அடைத்து நீரைத் தேக்கி மீண்டும் மரம் நடும் பணி 2008 முதல் நடந்து வருகிறது.

கரையில் நிற்பதெல்லாம் களையென்று வெட்டிவிடவும் கூடாது. பெரெம்பாங், நிப்பா, சதுப்பு நிலத்துப் பெரணி ஆகியவை இம்மண்ணுக்கு உரியவை. கரையைப் பிடித்து நிறுத்துபவை. அவற்றின் நிழல் விழும் இடத்தில் பெருந்தொட்டாற்சுருங்கி முளைப்பது அரிது. ஆகவே களை பிடுங்கிய இடத்தில் அவற்றின் இளங்கன்றுகள் தாமாக முளைத்திருந்தால், சுற்றிலும் கம்பு நட்டு மாடு மேயாமல் காப்பது நல்லது.

அக்டோபர், நவம்பர் மாதப் பெருமழைக்கு முன்பாக ஒருமுறையும், மழை ஓய்ந்தபின் ஒருமுறையும் பாரிட்டைச் சுற்றி வந்தால் போதுமானது. பெருந்தொட்டாற்சுருங்கி இதுவரை இல்லாத இடத்தில் ஒரு செடி தென்பட்டாலும் மண்டோரிடமும் அருகிலுள்ள விவசாய இலாகா அலுவலகத்திலும் தெரிவிக்கலாம். செடியை ஒடித்து எடுத்துச் செல்ல வேண்டா; வழியெல்லாம் காய் உதிரும். இடத்திற்கு அடையாளமாக ஒரு கம்பு நட்டு, கைப்பேசியில் படம் எடுத்துச் சென்றால் போதும். பிடுங்கிய இடத்தை மூன்று மாதத்திற்கு ஒருமுறை, தொடர்ந்து சில ஆண்டுகளுக்குப் பார்த்து வர வேண்டியிருக்கும். அதன் விதைகள் மண்ணில் அத்தனை காலம் உறங்கிக் கிடக்கும்.